பாலாறு பொங்குன வாரம் வந்த தூக்குச்சட்டி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, வருஷம் பூரா மணலா கெடக்குற ஆறு ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடுச்சு, அந்த வாரம்தான் எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், நான் ராவும் பகலும் ஆஸ்பத்திரி வராண்டாவுலயே கெடந்தேன். வாட்ஸ்அப் குரூப்புல எல்லாரும் கைகூப்புற பொம்மை போட்டாங்க, அத தப்பு சொல்லல. ஆனா நேர்ல வந்தது என்கூட பத்தாவது வரைக்கும் படிச்ச ஒருத்திதான். அணைக்கட்டுங்கற ஊர்லேர்ந்து மழையில பஸ் புடிச்சு, நனஞ்ச பொடவையோட, தூக்குச்சட்டியில சுடுசோறும் முள்ளு கத்திரிக்கா கொழம்பும் கொண்டாந்தா. பெருசா ஒண்ணும் பேசல, "மொதல்ல நீ சாப்புடுடி"ன்னா, நான் சாப்புட்டு முடிச்சதும் பின்னாடி உக்காந்து என் தலைய சிக்கெடுத்து பின்னி விட்டா. நாலு நாளா நான் தலை வாரலன்னு அவ கண்ணுக்கு மட்டுந்தான் பட்டுச்சு.

கடன் கேட்டாகூட யாராவது குடுத்துடுறாங்க ஐயா, கூட அரை மணி நேரம் உக்காரத்தான் ஆள் கெடைக்க மாட்டேங்குது. இந்த மாதிரி சின்ன விஷயங்கள வாசகருங்க எழுத உங்க ஞாயித்துக்கிழமை பேப்பர்ல கொஞ்சம் எடம் குடுங்க.

போன வாரம் அவளுக்கு காய்ச்சல்னு தெரிஞ்சும் போன்லயே விசாரிச்சுட்டு விட்டுட்டேன், மனசு உறுத்துது. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு அணைக்கட்டு போறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.