எங்கள் பக்கத்துக்கு வரப்போகும் மருத்துவமாதுக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு மருத்துவமாது வரப்போகிறார் என்று போன கிழமை கிளினிக்கில் கதைத்தார்கள். நீங்கள் எந்த ஊர்ப் பிள்ளை என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் நீங்கள் வந்து வேலையைப் பொறுப்பெடுக்கும் முன்பே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

உங்கள் வேலையில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1930களில் இலங்கையில் 1,00,000 பிள்ளைகள் பிறந்தால் 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். இப்போது அது 30 அளவில் நிற்கிறது. மலேரியா அடங்கியது, நல்ல மருந்துகள் வந்தது, எல்லாம் காரணம்தான். ஆனால் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து, வீடு வீடாகப் போய் வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தேடிப் பதிந்த மருத்துவமாதுகள் இல்லாமல் அது நடந்திருக்காது.

எங்கள் வன்னியில் அந்தக் கவனிப்பின் சங்கிலி யுத்தத்தில் ஒருமுறை அறுந்தது. 2009 மாசியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்து, ஆட்கள் மாத்தளனுக்கு நகர்ந்தபோது, பள்ளிக்கூடக் கட்டடம்தான் ஆஸ்பத்திரி. என் அக்காவுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். காணி உறுதி, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி மூன்றையும் ஒரே ஷொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டே நடந்தாள். பிள்ளை பிறந்தது பங்கருக்குள். பக்கத்துப் பங்கரில் இருந்த வயதான அம்மா ஒருவர்தான் கொடி வெட்டினார். பிறகு செட்டிகுளம் முகாமில் ஒரு மருத்துவமாது அந்தக் கொப்பியை வாங்கி, ஈரத்தில் ஒட்டிப்போயிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். “இவ்வளவு தூரம் கவனமாகக் கொண்டுவந்திருக்கிறீங்கள் அம்மா” என்றார். ஷெல்லடிக்குள் அழாத அக்கா அன்றைக்கு அழுதாள். இங்கே நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் நிறையப் பேரிடம் இப்படி ஒரு கதை இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. மகளுக்கோ மருமகளுக்கோ நோ தொடங்கும்போது அவர்கள் ஏன் அப்படிப் பதறுகிறார்கள் என்று உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னுடைய பிரசவம் சமாதான காலத்தில், நல்ல கட்டடத்தில், மின்விசிறிக்குக் கீழே நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. நோவில் கத்தியபோது, “பெறத்தானே வந்தனீங்கள், பிறகென்ன சத்தம்?” என்றார் ஒருவர். மறைப்புச் சீலையை இழுத்துவிடாமலே பரிசோதித்தார்கள். பிள்ளை வரும் வழியை வெட்டியதும் தைத்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். டொக்டர் சிங்களத்தில் ஏதோ கேட்டார், பதிலை எனக்காக வேறு யாரோ சொன்னார்கள். நானும் பிள்ளையும் சுகமாக வீடு வந்தோம். கணக்கில் அது நல்ல பிரசவம். அதே அறையில் இரவு மாறி வந்த இன்னொரு மருத்துவமாது என் நாரியைத் தேய்த்துவிட்டு, “இப்ப கை வைக்கப் போறன் பிள்ளை, மூச்சை மெல்ல விடுங்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி, ஒரே சம்பளம், ஒரே அலுப்பு. ஆளில்லாமல் வாட்டுகள் திணறுவதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்?

2018இல் உலக சுகாதார நிறுவனம் பிரசவப் பராமரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டபோது இதைத்தான் சொன்னது: தாய் விரும்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், நடக்கவும் விரும்பியபடி இருக்கவும் விட வேண்டும், எல்லாருக்கும் வழக்கமாக வெட்டுவது தேவையில்லை, மரியாதையாக நடத்த வேண்டும்.

நீங்கள் லேபர் ரூமில் நிற்கப்போவதில்லை, தெரியும். ஆனால் அங்கே போகுமுன் அவளோடு இருப்பதும், வந்தபின் முதலில் வீடு தேடி வருவதும் நீங்கள்தான். போலிக் அசிட் குளிசையும் திரிபோஷாச் சத்துமாவும் கொடுக்கிற நேரத்தில், உள்ளே என்ன நடக்கும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்து உள்வீதிகளில் இரவில் யானைப் பயம். எந்த அறிகுறிக்கு 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேண்டும், எதற்கு விடியும்வரை பொறுக்கலாம் என்று புருஷனையும் இருத்தி வைத்துச் சொல்லுங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் சரக்கு அரைக்கிற மணமும் இலைகள் அவித்த வேதுத்தண்ணியின் ஆவியும் இருக்கும். அதை ஏளனமாகப் பார்க்காதீர்கள். மிளகும் மல்லியும் உள்ளியும் போட்ட சரக்குக் கறி நல்ல சாப்பாடுதான், பெற்றவளை முப்பத்தொரு நாள் இருத்திக் கவனிக்கிற வழக்கமும் நல்லதுதான். தண்ணீரைக் குறைக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். வன்னி வெயிலில் பால் கொடுக்கிறவளுக்கு அரை டம்ளர் தண்ணீர் அளந்து கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே மாமியோடுதான் கதைக்க வேண்டும், மருமகளோடு அல்ல.

அப்புறம், தாயின் மனநிலையை அறிய ஒரு தாள் கொடுப்பீர்களே, பத்துக் கேள்வி உள்ளது. அதை மாமியும் மச்சாளும் நிற்கிற விறாந்தையில் வைத்து நிரப்ப வேண்டாம். பிள்ளையின் நிறை பார்க்கிற சாட்டில் அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். கடைசிக் கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்வது பற்றியது. அதற்கு ஆட்கள் முன்னால் யார் உண்மை சொல்வார்கள்?

நீங்கள் வந்ததும் முதலில் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்குப் போங்கள். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. புருஷன் கொழும்பில் வேலை, தாய் 2009இலேயே போய்விட்டா. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்க யாரும் இல்லை. பெண் துணை ஒருவரை உள்ளே விடுவார்களா என்று நீங்கள் கேட்டுச் சொன்னால், நான் வருவேன். அவளிடம் கேட்டுவிட்டேன், அவளுக்குச் சம்மதம்.

அன்புடன்,
உங்கள் பிரிவிலிருந்து ஒரு அக்கா