வடிவியல் வகுப்பு நடந்த ஆண்டு: தெருச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செல்லூர்ப் பகுதி உறுப்பினர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த சித்திரை முதல் இந்தப் பங்குனி வரையிலான சங்கப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். கழிவுநீர் வாய்க்கால் பற்றிக் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை, மறுபடியும் கொடுத்திருக்கிறோம். பொங்கல் விளையாட்டுப் போட்டி வழக்கம்போல நடந்தது; இழுபோட்டிக் கயிறும் வழக்கம்போல அறுந்தது. இவற்றை இத்துடன் விட்டுவிட்டு, இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டதும் சில வீடுகளில் ஏச்சு வாங்கியதுமான சனிக்கிழமை மாலை வடிவியல் வகுப்புக்கு வருகிறேன்.

வகுப்பை நடத்துபவர் நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சம்பளம் கிடையாது, தேநீர் மட்டும். முதல் நாள் பலகையில் இரண்டு கோடுகளையும் அவற்றை வெட்டும் ஒரு குறுக்குவெட்டியையும் வரைந்து, ஒத்த கோணங்கள், அதாவது இரண்டு வெட்டுமிடங்களிலும் ஒரே நிலையில் அமையும் கோணங்கள், சமமா என்று கேட்டார். "சமம்!" என்று கூடமே அதிர்ந்தது. அந்தக் கோடுகளோ பலகையின் வலது ஓரத்தை நோக்கி ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. ஒரு பிள்ளையும் அதைக் கவனிக்கவில்லை. எந்த இரண்டு கோடுகளை வெட்டினாலும் ஒத்த கோணங்கள் அமையும். அவை சமமாவது கோடுகள் இணையாக இருந்தால் மட்டுமே. இணை என்று உறுதியானபின் எட்டுக் கோணங்களில் ஒன்று 70° எனத் தெரிந்தால் போதும்: நான்கு 70°, மற்ற நான்கு 110°.

கோடுகள் இணையானால் கோணங்கள் சமம் என்பதன் மறுதலையும், அதாவது திருப்பிச் சொன்னாலும், உண்மை. ஒன்றுவிட்ட கோணங்கள் (இரு கோடுகளுக்கும் இடையே, குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைபவை) சமமானால் கோடுகள் இணை. ஏறத்தாழ கி.மு. 300இல் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தில் இதை 27ஆம் தேற்றமாகவும், இணையானால் கோணங்கள் சமம் என்பதை 29ஆம் தேற்றமாகவும் தனித்தனியே நிறுவினார். 29ஆம் தேற்றத்தில்தான் அவருடைய ஐந்தாம் எடுகோள் (நிறுவாமலே ஏற்றுக்கொண்ட கூற்று) முதன்முறையாகத் தேவைப்பட்டது. அந்த எடுகோளை மற்றவற்றிலிருந்து வருவித்துவிடலாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்று நினைத்ததில் வியப்பில்லை.

பாகைமானி பெட்டியைவிட்டு வெளியே வரக்கூடாது என்பது வகுப்பின் விதி. இதுதான் புகாருக்கு மூலம். "அளந்து எழுதினால் மார்க் வரப்போகிறது, எதற்கு இந்த நிரூபணம்?" என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். நான் ஆசிரியர் பக்கம்தான். அளந்தால் அந்த ஒரு படத்தைப் பற்றித்தான் தெரியும். அதுவும் பென்சில் முனை மழுங்கியிருந்தால் 69° என்றும் 71° என்றும் வரும்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், நம் ஆசாரி அண்ணன் செய்துகொண்டிருந்த தலைவாசல் நிலையைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். கால்கள் இரண்டும் ஒரே உயரம். மேல்சட்டமும் அடிச்சட்டமும் ஒரே நீளம். அப்படியிருந்தும் லேசாகத் தள்ளினால் நிலை சாய்ந்து கொடுத்தது. அவர் மூலைக்கு மூலை டேப் பிடித்தார், பிறகு மற்ற இரு மூலைகளுக்குப் பிடித்தார், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு அளவும் ஒன்றானதும் ஒரு ரீப்பரைச் சாய்வாக வைத்து ஆணி அடித்தார். அதன்பின் நிலை அசையவில்லை. "ஏன் சரியாக வருகிறது?" என்று ஆசிரியர் கேட்டார். "என் அப்பா இப்படித்தான் பிடிப்பார், ஐயா. பிசகியதே இல்லை."

காரணத்தைக் கண்டுபிடித்தது ஒன்பதாம் வகுப்புப் பெண். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருப்பதால் நிலை ஓர் இணைகரம். அடிச்சட்டத்தின்மீது இரண்டு முக்கோணங்கள் நிற்கின்றன: ஒன்றுக்கு இடக்கால், மற்றொன்றுக்கு வலக்கால், அடிச்சட்டம் இரண்டுக்கும் பொது. மூலைவிட்டங்கள் சமம் என்று டேப் சொல்லிவிட்டது. ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) விதிப்படி அந்த முக்கோணங்கள் சர்வசமம், அதாவது வடிவிலும் அளவிலும் ஒன்றே. ஆகவே அடியிலுள்ள இரு மூலைகளும் சமம். கால்கள் இணையானவை, அடிச்சட்டம் குறுக்குவெட்டி. ஒரே பக்கத்து உட்கோணங்கள் சேர்ந்து 180°. சமமான இரண்டு சேர்ந்து 180° என்றால் ஒவ்வொன்றும் 90°. ஆசாரி அண்ணன் அவளை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். ரீப்பருக்கும் அதே ப-ப-பதான்: மூன்று பக்கங்கள் நிலைத்துவிட்டால் முக்கோணத்தின் கோணம் மாற வழியில்லை.

பிறகு ப-கோ-ப, கோ-ப-கோ விதிகள் (ப பக்கம், கோ கோணம்) சிக்கலின்றி முடிந்தன. ப-ப-கோ ஏன் விதியாகவில்லை என்ற கேள்விக்கு ஒரு மாலை முழுவதும் போயிற்று. 30° கோணம் (மூலைமட்டத்தால் வரைந்தது, பாகைமானியால் அல்ல), அதன் ஒரு கையில் 10 செ.மீ. அந்த முனையிலிருந்து கவராயத்தில் 6 செ.மீ. எடுத்து வில் போட்டால் மற்றக் கையை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. மூன்றாம் பக்கம் ஒன்றில் ஏறத்தாழ 5.3 செ.மீ., மற்றொன்றில் ஏறத்தாழ 12 செ.மீ. கொடுத்த அளவுகள் ஒன்றே, முக்கோணங்கள் வேறு. அந்தக் கோணம் செங்கோணமாக இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை; செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) விதி அதனால்தான் பிழைத்தது.

அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் வகுப்பு இல்லை. இருந்தாலும் யார் வந்திருப்பார்கள்?

வரும் சித்திரைக்கு ஒரு திட்டம்: நிழலைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிடுவது. சித்திரை பிறந்த சில நாள்களுக்குள் மதுரையில் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும்; செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. அன்று சென்னையில் நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அதே போன்ற குச்சியில் கதிரின் சாய்வு 3 பாகையைச் சற்றுத் தாண்டும். சூரியக் கதிர்கள் இணை; மதுரையின் கதிரை நீட்டினால் பூமியின் மையத்துக்குப் போகும்; பூமியின் மையம்வரை நீட்டிய சென்னைக் குச்சி குறுக்குவெட்டி. ஆகவே ஒன்றுவிட்ட கோணமாக அதே அளவு பூமியின் மையத்திலும் இருக்கும். பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் முழு வட்டத்தில் 50இல் ஒரு பங்குச் சாய்வு கண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டது இந்த வழியில்தான். நமக்கு வேண்டியது தெற்கு வடக்காக உள்ள தூரம், ஏறத்தாழ 350 கி.மீ.; பஸ் போகும் சாலைத் தூரம் உதவாது.

சென்னையில் மொட்டை மாடியுள்ள வீட்டில் மகனோ மகளோ இருக்கும் உறுப்பினர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். வகுப்புக்குப் புதிய கவராயங்கள் வாங்கும் தீர்மானத்தையும் அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். இருப்பவற்றில் திருகு நிற்பதில்லை.

நன்றி.

செயலாளர்