பாலிசிக்ஸ் பாட்டில் வாசிப்பது யார் என்று போடுங்கள்

மதிப்பிற்குரிய இசைச் செயலி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். செயலியைப் புதுப்பித்த கையோடு, பாட்டில் யார் என்ன வாசித்தார்கள் என்ற விவரத்தை எடுத்துவிட்டீர்கள். தயவுசெய்து திருப்பிப் போடுங்கள்.

சிந்தசைசர் என்ற மின்னணு விசைக்கருவியையும் வேகமான பங்க் ராக்கையும் கலக்கும் ஜப்பானிய சிந்த்-பங்க் குழுவான பாலிசிக்ஸையே பாருங்கள். 1997இல் ஹிரோயுகி ஹயாஷி தொடங்கியது, அமெரிக்க ராக் குழுவான டீவோவின் பாதிப்பு. 2003இல் டிரம்மர் சுகாய் விலகினார், 2004இல் யானோ வந்தார். 'நோய்' (Neu, 2000), 'நவ் இஸ் தி டைம்!' (2005) ஆல்பங்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் டிரம்ஸில் வித்தியாசம் தெரியும். ஏன் என்று உங்கள் செயலி சொல்லாது.

இதைவிடப் பெரிய குழப்பம் கயோ விஷயத்தில். முகத்தில் சலனமே இல்லாமல் சிந்தசைசரும், குரலை இயந்திரக் குரலாக்கும் வோகோடரும் வாசித்தவர், 2010 மார்ச் 14 அன்று டோக்கியோவின் புடோகன் அரங்க நிகழ்ச்சியோடு விலகினார். மூவராகச் சுருங்கிய குழுவின் 'ஓ! நோ! இட்ஸ் ஹெவி பாலிசிக்!!!' 2011இல் வந்தது. அதில் கேட்கும் பெண்குரல் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஃபூமியுடையது. புதிதாகக் கேட்பவர் அதைக் கயோ என்றுதான் நினைப்பார். போதாக்குறைக்கு எல்லா ஆல்பத்துக்கும் ஒரே நால்வர் படம்! அது 2017இல் நகமுரா ரியோ நான்காவது ஆளாகச் சேர்ந்த பிறகு எடுத்தது. 2009இலும் நால்வர்தான், ஆனால் அந்த நால்வர் வேறு.

'காலை உற்சாகம்', 'மழைநேர மனநிலை' என்று பட்டியல் போடத் தெரிகிற உங்களுக்கு டிரம்மர் பெயர் மட்டும் பாரமாகிவிட்டதா? குழுவுக்குப் பெயர் தந்த கோர்க் பாலிசிக்ஸ் 1981இல் வந்த சிந்தசைசர். அதன் நினைவகத்தைக் காக்கும் மின்கலம் கசிந்து உள்ளே இருக்கும் கே.எல்.எம்.-367 மின்சுற்றுப் பலகையை அரித்துவிடும். அதற்காவது வயதைக் காரணம் சொல்லலாம்.

கோபத்தை விடுவோம். கேட்பது இவ்வளவுதான்: பெயர்களை ஆல்பத்துக்கு மொத்தமாகப் போடாமல் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாகப் போடுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு இருக்கிறதே, அதோடு இணைத்தால் தொகுப்பு ஆல்பத்திலும் பெயர் கூடவே வரும். பதிவான ஆண்டு, வெளியான ஆண்டு இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும். அமெரிக்காவில் 2000இல் வந்த 'ஹே! பாப்! மை ஃப்ரெண்ட்!' தொகுப்பில் இருப்பவை 1999இன் முதல் இரண்டு ஆல்பங்களின் பாட்டுகள். ஒரே ஆண்டைப் போட்டால் கணக்கு உதைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. 2009, 2011, 2017 ஆல்பங்களிலிருந்து தொடங்கினால் போதும். குறுந்தட்டோடு வந்த சிறுநூலைப் பார்த்தே நிரப்பிவிடலாம். அதுவரை அந்தப் படத்தையாவது பழைய ஆல்பங்களிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சந்தா கட்டிக் கேட்பவர்கள்