முப்பதில் முப்பத்தேழு: செந்திலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செந்தில்,

கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்தில் அம்மாவின் கண் ஆபரேஷன் அரைப் பக்கம், பாப்பா இப்போதெல்லாம் ஆங்கிலத்தில்தான் சண்டை போடுகிறாள் என்று கால் பக்கம், மிச்சமெல்லாம் அந்த மஞ்சள் கேமரா. அம்மாவுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. பாப்பா எந்த மொழியில் சண்டை போட்டாலும் நீ தோற்கத்தான் போகிறாய். இனி கேமரா: 30 மைல் ரோட்டில் 37-இல் போய் வேகக் கேமராவில் சிக்கிவிட்டேன், டிக்கெட் வந்துவிட்டது என்று பயந்து எழுதியிருக்கிறாய்.

உன் கையில் இருப்பது இன்னும் டிக்கெட்டே இல்லை. அபராதத் தொகையைத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்கும் போடவில்லை என்று எழுதியிருக்கிறாயே, காரணம் அதுதான். வழக்குப் போடும் உத்தேசம் இருக்கிறது என்று சொல்லும் முன்னறிவிப்பு அது; இங்கே பிரிட்டனில் என்ஐபி என்பார்கள். கூடவே ஒரு படிவம் இருக்கிறது பார், அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டு? 1988-ஆம் வருஷத்து ரோடு டிராஃபிக் சட்டத்தின் 172-ஆவது பிரிவுப்படி அனுப்பியது. நீ 37 மைல் வேகத்தை நினைத்துத் தூங்காமல் இருக்கிறாய். எனக்குக் கவலை அந்தப் படிவம்தான். உன் வேகத்துக்கு அதிகம் போனால் லைசென்ஸில் 3 பாயிண்ட், அதாவது தண்டனைப் புள்ளி, என்று வைத்துக்கொள். படிவத்துக்குப் பதில் போடாமல் இருந்தால் 6 பாயிண்ட், 1000 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸ் பதிவில் எம்எஸ்90 என்று ஒரு குறியீடு. எஸ்பி30 என்ற சாதாரண ஸ்பீடிங் குறியீட்டைவிட எம்எஸ்90-ஐப் பார்த்தால் இன்சூரன்ஸ்காரர்களுக்கு முகம் இன்னும் அதிகமாகச் சுருங்கும், ஏதோ மறைத்த ஆள் என்று.

உன் விஷயத்தில் அந்த 6 இன்னும் பொல்லாதது. நீ இங்கே டெஸ்ட் பாஸ் செய்து பதினான்கு மாதம்தான் ஆகிறது. முதல் டெஸ்ட் பாஸ் செய்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால், லைசென்ஸ் கொடுக்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏ லைசென்ஸையே ரத்து செய்துவிடும். கோர்ட்டில் கெஞ்சி வாங்க அதில் இடமில்லை. மறுபடி புரொவிஷனல் என்ற கற்பவர் லைசென்ஸ் எடுத்து, எல் பலகை மாட்டி, தியரி, பிராக்டிகல் இரண்டையும் முதலிலிருந்து எழுத வேண்டும். சென்னையில் பதினைந்து வருஷம் ஓட்டினேன் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறியவருக்கு 12 மாதம்தான் செல்லும், கடிகாரம் ஓடத் தொடங்குவது இங்கே பாஸ் செய்த நாளில். பார்ப்பது தப்பு நடந்த தேதியை. தீர்ப்பு மூன்றாம் வருஷத்தில் வந்தாலும் தப்பு இரண்டு வருஷத்துக்குள் நடந்திருந்தால் மாட்டிக்கொள்வாய். பழைய ஓட்டுநர்களுக்குத்தான் மூன்று வருஷத்தில் 12 பாயிண்ட் என்ற தாராளம். அவர்களுக்கும் 12 ஆனால் குறைந்தது ஆறு மாதம் தடை.

ஆகவே படிவத்தை 28 நாளுக்குள் அனுப்பு. பெயர், முகவரி, பிறந்த தேதி, லைசென்ஸ் எண், கையெழுத்து. கையெழுத்தை மறந்து அனுப்பினால் அனுப்பாததற்குச் சமமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆன்லைனில் பதில் போடும் வசதி நோட்டீஸில் இருந்தால் அதையே செய், கடைசித் திரையைப் படம் பிடித்து வை. தபாலில் என்றால் போஸ்ட் ஆபீஸ் கவுன்டரில் கொடுத்து, அனுப்பியதற்கான சீட்டை வாங்கு. காசு கேட்க மாட்டார்கள், ஆனால் நீ கேட்டால்தான் தருவார்கள். முழுப் படிவத்துக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள். 'எங்களுக்கு வந்து சேரவில்லை' என்று ஒரு நினைவூட்டல் வரும் நாளில் அந்தச் சீட்டுக்கு இருக்கும் மதிப்பு தெரியும். இந்தக் கட்டத்தில் பணம் எதுவும் அனுப்பாதே. முதல் நோட்டீஸ் தபாலில்தான் வரும். இங்கே தட்டி அபராதம் கட்டு என்று போனுக்கு மெசேஜ் வந்தால் அது மோசடி.

அடுத்து, போட்டோவில் வண்டியின் பின்பக்கம் மட்டும்தானே தெரிகிறது, கவிதா ஓட்டினாள் என்று போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். அவளுக்கு ஏழு வருஷ லைசென்ஸ், 3 பாயிண்ட் தாங்குவாள் என்ற கணக்கு. அந்த வரியைப் படித்துக் கிழித்துப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொள். கிறிஸ் ஹூன் என்று ஒரு மந்திரி இருந்தார். 2003-இல் எம்11 மோட்டார்வேயில் கேமராவில் சிக்கி, பாயிண்டைத் தன் மனைவி விக்கி பிரைஸ் பெயரில் ஏற்றினார். பத்து வருஷம் கழித்து, 2013-இல், இருவருக்கும் தலா எட்டு மாதம் சிறை. தண்டனை வேகத்துக்கு இல்லை, நீதியைத் திசைதிருப்பியதற்கு. பெயரைக் கொடுத்தவர், ஏற்றுக்கொண்டவர் இருவரும் உள்ளே. வேகம் கூடுவது அசட்டை. பெயரை மாற்றுவது குற்றம். கவிதாவிடம் இதைச் சொன்னாயா தெரியாது. சொல்லாதே, அடி விழும்.

நோட்டீஸில் ஓட்டை இருக்குமா என்று பார்ப்பதில் தப்பில்லை. பார்க்க வேண்டியது இரண்டு தேதி. தப்பு நடந்த நாளை விட்டுவிட்டு எண்ணி 14 நாளுக்குள் முதல் நோட்டீஸ் பதிவு உரிமையாளரின் கைக்கு வந்திருக்க வேண்டும்; 3-ஆம் தேதி நடந்தால் 17-க்குள். நோட்டீஸில் போட்ட தேதி கணக்கில்லை, வந்து சேரும் தேதிதான். சாதாரண முதல் வகுப்புத் தபால் என்றால் போட்ட பிறகு இரண்டு வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். போலீஸ்காரர் ரோட்டிலேயே நிறுத்தி வாயால் சொல்லியிருந்தால் இந்த 14 நாள் பேச்சே இல்லை. உன் வண்டி ஆபீஸ் லீஸ் என்றுதானே நினைவு? அப்படியானால் பதிவு உரிமையாளர் லீஸ் கம்பெனி. முதல் நோட்டீஸ் அவர்களுக்குப் போய், அவர்கள் உன் பெயரைக் கொடுத்து, உனக்கு வர ஒரு மாதம் ஆனாலும் செல்லும். அதற்கென்று ஒரு கட்டணத்தையும் அவர்கள் உன் தலையில் கட்டுவார்கள். நோட்டீஸ் தாமதம் என்று உனக்கு உறுதியாகத் தெரிந்தாலும் ஓட்டியது யார் என்ற கேள்விக்குப் பதில் போட்டே ஆக வேண்டும். அந்தக் கடமை தனி, இந்த வாதம் தனி. இரண்டையும் குழப்பி 'நோட்டீஸே செல்லாது' என்று படிவத்தைக் குப்பையில் போட்டு 6 பாயிண்ட் வாங்குவதுதான் வழக்கமான கதை.

ரோட்டில் வேக வரம்பு போர்டே இல்லை என்ற உன் சண்டை நிற்காது. இங்கிலாந்தில் தெருவிளக்குகள் 183 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் வரிசையாக நின்றால் வேறு போர்டு இல்லாதவரை அது 30 மைல் ரோடு. விளக்குக் கம்பமே போர்டு. அப்படிப்பட்ட ரோட்டில் நடுநடுவே 30 என்ற சின்ன வட்டம் மாட்ட மாட்டார்கள். 40, 50 என்றால்தான் மாட்டுவார்கள். இரட்டைப் பாதையாக அகலமாக இருந்தாலும் விளக்கு இருந்தால் 30தான், நம்மவர்கள் வழுக்கி விழுவது அங்கேதான். வேல்ஸ் பக்கம் போனால் இன்னும் கவனம்: 2023 செப்டம்பர் 17 முதல் அங்கே அதே விளக்குக் கம்பத்துக்கு 20 என்று அர்த்தம்.

இரண்டு முறை பின்னால் மின்னியது என்றாயே, அது கேட்ஸோ வகை. ரேடார் வேகத்தை அளந்ததும் அரை நொடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கும். ரோட்டில் வெள்ளைக் கோடு வரிசையாகப் போட்டிருப்பது அதற்காக. 30 மைலில் அரை நொடிக்கு வண்டி 6.7 மீட்டர் நகரும், 37-இல் 8.3 மீட்டர். இரண்டு படத்திலும் பின் சக்கரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எண்ணினால் ரேடார் சொன்னது சரியா என்று தெரிந்துவிடும். படங்களைக் காட்டும்படி கேள், பல இடங்களில் ஆன்லைனிலேயே பார்க்கலாம். உன் டாஷ்போர்டு 40 பக்கம் காட்டியிருக்கும். ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி, கூட்டிக் காட்டலாம். அதனால் 'மீட்டர் ஏமாற்றிவிட்டது' என்று சொல்லவும் வழியில்லை.

படிவம் போன பிறகுதான் அசல் கடிதம் வரும். போலீஸ் கடைப்பிடிக்கும் வழிகாட்டுதல், வரம்போடு பத்து சதவீதமும் இன்னும் இரண்டு மைலும் கூட்டுவது. 30-இல் 35 முதல் கணக்கில் எடுப்பார்கள். 35 முதல் 42 வரை பாயிண்டுக்குப் பதிலாக ஸ்பீட் அவேர்னஸ் கோர்ஸ் என்ற வகுப்பு, 43 முதல் 49 வரை 100 பவுண்டும் 3 பாயிண்டும், 50 ஆனால் நேரே கோர்ட். 20 ரோட்டில் கோர்ஸ் 24 முதல் 31 வரை, 70 மோட்டார்வேயில் 79 முதல் 86 வரை. இது வழிகாட்டுதல்தான், உரிமை இல்லை. உன் 37-க்குக் கோர்ஸ் வர வேண்டும், மூன்று வருஷத்துக்குள் ஏற்கெனவே ஒன்று போகாதவரை.

வரும் கடிதத்தில் கோர்ஸும் 100 பவுண்டும் அடுத்தடுத்து இருக்கும். தொல்லை தீர்ந்தால் போதும் என்று 100 பவுண்டைக் கட்டிவிடாதே. கட்டிய நொடியில் 3 பாயிண்ட் ஏறிவிடும், கோர்ஸ் கை நழுவிவிடும். கோர்ஸ் கட்டணம் பகுதிக்குப் பகுதி மாறும், கிட்டத்தட்ட அதே தொகைதான் ஆகும். லேப்டாப் முன்னால் இரண்டரை, மூன்று மணி நேரம். தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்பே உள்ளே போ, தாமதமானால் சேர்க்க மாட்டார்கள், கட்டிய பணமும் போச்சு. லைசென்ஸைக் கையில் வை, முகத்தோடு ஒப்பிடுவார்கள். கேமரா முழு நேரமும் ஓட வேண்டும். காருக்குள் உட்கார்ந்து சேரவோ, ஆபீஸ் மீட்டிங்கை இன்னொரு ஜன்னலில் ஓட்டவோ நினைக்காதே, வெளியே தள்ளிவிடுவார்கள். பரீட்சை கிடையாது. ஆனால் கேள்வி கேட்பார்கள், வாய் திறக்க வேண்டும். நிற்கும் தூரம் கட்டாயம் வரும்: 20-இல் 12 மீட்டர், 30-இல் 23, 40-இல் 36. ஊருக்குள் மூன்றாவது கியரிலேயே ஓட்டுங்கள் என்று ஒருவர் சொல்வார். கிண்டலாகத் தோன்றும், ஆனால் 30-ஐத் தாண்டும்போது எஞ்சின் உறுமிக் காட்டிக்கொடுப்பது உண்மை. கோர்ஸ் முடிந்தால் பாயிண்ட் இல்லை, தண்டனைப் பதிவு இல்லை.

கோர்ட்டுக்குப் போகிறேன் என்று வீம்புக்கு எழுதாதே. அங்கே அபராதம் வாரச் சம்பளத்தை வைத்து. 30-இல் 40 வரை என்றால் பாதி வாரச் சம்பளம் தொடக்கம். கையில் வாரம் 600 வருகிறவருக்கு 300. உடனே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு கழிந்து 200. அதன்மேல் 40 சதவீதம் சர்சார்ஜ், 80. அதற்கும் மேல் வழக்குச் செலவு. இவ்வளவும் கட்டி அதே 3 பாயிண்ட்.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக: பாயிண்ட் லைசென்ஸில் 4 வருஷம் கிடக்கும், அந்த 12 பாயிண்ட் கூட்டலில் 3 வருஷம்தான் சேரும், ஆனால் இன்சூரன்ஸ்காரர் கேட்டால் 5 வருஷம் சொல்ல வேண்டும். கோர்ஸ் தண்டனை ஆகாது, தண்டனை உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றே எழுதலாம். கோர்ஸ் போனீர்களா என்று தனியாகக் கேட்பவர்களும் உண்டு. அவர்களிடம் ஆமாம் என்று சொல். பொய் சொன்னது விபத்து நடந்த நாளில்தான் வெளியே வரும்.

கடைசியாக முகவரி. மூன்று வருஷத்தில் மூன்று வீடு மாறியவன் நீ. லைசென்ஸில் முகவரி மாற்றியிருப்பாய், வண்டியின் வி5சி பதிவில் மாற்றினாயா? இரண்டும் தனித்தனி, ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. நோட்டீஸ் வி5சி முகவரிக்குப் போகும். பழைய வீட்டுக்காரர் அதைக் கதவுக்குப் பின்னால் குவித்து வைத்திருப்பார். நினைவூட்டல், கோர்ட் கடிதம் எல்லாம் அதே குவியலில் சேரும். நீ இல்லாமலே தீர்ப்பு, எம்எஸ்90, 6 பாயிண்ட், லைசென்ஸ் ரத்து. ஒரு நாள் வசூல்காரர் வந்து நிற்கும்போதுதான் தெரியும். அப்படி ஆனால் தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், எனக்கு எதுவும் தெரியாது என்று கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் கொடுத்தால் அந்தத் தீர்ப்பை விலக்கி வழக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கலாம். லீஸ் வண்டியானால் லீஸ் கம்பெனியிடம் உன் இப்போதைய முகவரி இருக்கிறதா என்று பார். கவிதாவின் சின்ன வண்டி உன் பெயரில்தானே, அதற்கு வி5சி-யை எடுத்து இன்றைக்கே பார். மாற்றுவதற்குக் காசில்லை, ஆன்லைனில் ஐந்து நிமிஷம்.

படிவத்தை அனுப்பிவிட்டு ஒரு வரி போடு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜா