சின்னவனின் விடுமுறை வாசிப்பு

அன்பு மகளுக்கு,

சின்னவனுக்கு ஆறாம் வகுப்பு தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, அதற்குள் தமிழில் புத்தகம் படிக்கப் பழக்க வேண்டும் என்று போனில் சொன்னாய். நீ வாங்கியிருக்கும் சரித்திர நாவல் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும். அவன் தமிழ் நன்றாகப் பேசுகிறான். ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். தடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பத்தாம் பக்கத்தில் மூடிவிடுவான், அடுத்ததையும் தொடமாட்டான்.

முதல் வாரம் அவன் வயதுக்குச் சின்னதாகத் தோன்றும் புத்தகங்களையே கொடு. 16 முதல் 24 பக்கம், பெரிய எழுத்து. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையில் தேடு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில்தான் வந்திருக்கின்றன. இவனுக்கு ‘நட’ சரியாக இருக்கும். எந்தப் புத்தகமானாலும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல். புரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஒரே பக்கத்தில் ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவன் திணறப்போவது கடினமான சொற்களில் இல்லை, தெரிந்த சொற்களில்தான். ‘ஓடிட்டிருந்தான்’ என்று தினமும் பேசுகிறவன், அச்சில் ‘ஓடிக்கொண்டிருந்தான்’ என்று பார்த்தால் அது அதே சொல் என்று அறியமாட்டான். பென்சிலால் லேசாகக் கோடிட்டு ஓடி, கொண்டு, இருந்தான் என்று பிரித்துக் காட்டு. ‘மரத்தடியிலிருந்து’, ‘வரவில்லையென்றாலும்’ எல்லாம் இப்படித்தான். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும், பத்து நாளில் அவனே பிரிப்பான். இன்னொன்று, ‘கடல்’, ‘அங்கே’, ‘பகல்’ மூன்றிலும் ககரம் வேறு வேறாக ஒலிக்கிறது. ஆங்கில எழுத்துகளுக்குப் பழகிய பிள்ளை இங்கே தயங்கும். இதற்கு விதி சொல்லித் தராதே. நீ சத்தமாகப் படி, காது பழகிவிடும்.

தினமும் 20 நிமிடம், ஒரே நேரத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயிலில் எங்கும் போக முடியாத நேரம் நல்லது. முதல் ஐந்து நிமிடம் நீ வரிக்கடியில் விரலை ஓட்டியபடி படி. அதே பக்கத்தை அவன் சத்தமாகப் படிக்கட்டும். மீதி நேரம் மனசுக்குள். எங்காவது நின்றுவிட்டால் மூன்று எண்ணிவிட்டுச் சொல்லைச் சொல்லிவிடு. ழகரம் தப்பினால் நடுவில் திருத்தாதே. தமிழில் வினை கடைசியில்தான் வரும். பாதியில் நிறுத்தினால் யார், எங்கே, எப்போது என்று அதுவரை சேர்த்து வைத்ததெல்லாம் கலைந்துவிடும். பக்கம் முடிந்ததும் அந்தச் சொல்லை நீ ஒருமுறை சரியாகச் சொன்னால் போதும்.

கதைச் சுருக்கம் எழுதச் சொல்லாதே, அது பள்ளிக்கூட வேலை. ‘அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிற?’ என்று கேள், அவ்வளவுதான். ஒரு புத்தகம் படித்து முடித்தால் இவ்வளவு காசு தருகிறேன் என்று பேசினால் ஆக ஒல்லியான புத்தகமாகத் தேடி எடுப்பான். பிடிக்காததைப் பாதியில் வைக்க விடு. படக்கதையும் கணக்கில் சேர்த்திதான்.

மூன்றாவது வாரம் சலிப்பு வரும். அதற்குள் கிளை நூலகத்தில் அவன் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கிவிடு. சேர என்ன சான்று வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, ஒரு நாள் காலையிலேயே கூட்டிப் போ. புத்தகத்தை அவனே எடுக்கட்டும், நீ அலமாரிக்கு இந்தப் பக்கம் நில். கிளை நூலகத்துக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துப் போ.

அன்புடன்,
அப்பா