பையனையும் வாசிக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒரு பையன், ஒரு பெண், இருவரும் படிவம் இரண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், வீட்டில் தமிழ், வெளியே மலாய், ஆங்கிலம் மூன்றாவதாகத்தான் வருகிறது. ஆங்கிலக் கருத்துணர்தலில் மதிப்பெண் குறைகிறதே என்று போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு டியூஷன் மையத்துக்குக் கூட்டிப் போனேன். முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்து டிக் போடச் சொல்லி, மகள் ‘பார்த்துக் கற்பவள்’, மகன் ‘செய்து கற்பவன்’ என்று எழுதித் தந்துவிட்டார்கள். "பையன்களுக்கு வாசிப்பு அவ்வளவா வராதும்மா, நீளமான பகுதி எல்லாம் இவனுக்கு வேண்டாம்" என்றும் சொன்னார்கள், அதுவும் அவன் காதுபடவே. அன்றிலிருந்து புத்தகத்தை எடுடா என்றால், "நான் செய்து கற்பவன்மா" என்கிறான். வயிறு எரிகிறது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு என்ற இந்தக் கதையை அமெரிக்காவில் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் 2008-லேயே ஆராய்ந்து பார்த்து, பிள்ளையின் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். சரி, பையன் பெண் விஷயம்? பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு 2018-இல் நடந்த பீசா (PISA) தேர்வில் கலந்துகொண்ட எல்லா நாடுகளிலும் வாசிப்பில் பெண்கள்தான் முந்தினார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சராசரிக் கணக்கு. அதை வைத்து என் மகனிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கலாமா? பின்தங்குகிறவனுக்கு அல்லவா கூடுதலாக வாசிக்கக் கொடுக்க வேண்டும்! அதே தேர்வில் நம் மலேசியாவின் வாசிப்பு மதிப்பெண் 2018-இல் 415, 2022-இல் 388 என்று இறங்கியிருக்கிறது; இந்த நிலையில் வாசிப்பைக் குறைக்கலாமா?

ஒருநாள் இரவு அவனோடு உட்கார்ந்து, பனியாறு பற்றிய ஓர் ஆங்கிலப் பகுதியில் தெரியாத சொற்களுக்கெல்லாம் கோடு போடச் சொன்னேன். வரிக்கு ஒன்று, சில வரிகளில் இரண்டு. நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்தால்தான் ஒரு கதையைத் துணையில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள முடியும் என்று ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள், பிறகு இவனுக்கு எப்படிப் புரியும்? ஆனால் அதே பையன் ஆங்கிலப் பத்திரிகையில் பந்து விளையாட்டுச் செய்தியை ஒரு மூச்சில் வாசித்து, யார் எந்த நிமிடத்தில் கோல் அடித்தார் என்று தங்கைக்குச் சொல்கிறான். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பேஸ்பால் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கினாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் அந்த ஆட்டம் தெரியாதவர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆக என் மகனுக்குக் குறைவது சொல்லும் விஷய ஞானமும்தான், இரண்டுமே வாசிக்க வாசிக்க வருபவை.

இப்போது அந்த மையத்துக்கு அனுப்புவதில்லை. ராத்திரி சாப்பிட்டதும் முதலில் விஷயத்தைத் தமிழில் பேசுகிறோம், பனியாறு என்றால் என்ன, அது எப்படி நகரும் என்று. அப்புறம் ஆங்கிலப் பகுதியை இருவரும் மாறி மாறி வாசிக்கிறார்கள். மகனுக்கு இன்னும் தடுமாற்றம்தான், ஆனால் போன வாரம் ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று அவனே கேட்டான். டியூஷன் நடத்துபவர்களே, பிள்ளைகளுக்குப் பெயர் ஒட்டும் அந்தத் தாளைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள், அந்த நேரத்தில் இன்னொரு பகுதியை வாசிக்கக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு