ராத்திரியில் எழுப்புகிறதா என்று கேளுங்கள்: சென்னையின் குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடும்ப மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் வில்லிவாக்கத்தில் வசிப்பவள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாய்வு என்றும், அல்சர் என்றும், வேலை டென்ஷன் என்றும் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த என் வயிற்றுக் கோளாறு, சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் புண்ணாக்கிக்கொண்டிருந்த குரோன்ஸ் என்ற நாட்பட்ட குடல் அழற்சி நோய் என்பது மிகவும் தாமதமாகத்தான் தெரியவந்தது. பெரிய மருத்துவமனைகளின் நிபுணர்களை விட்டுவிட்டு உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. வயிறு வலிக்கிறது என்பதற்காக இந்த ஊரில் யாரும் நேரே குடல்நோய் நிபுணரிடம் போய் நிற்பதில்லை. வேலை முடிந்து வந்து, தெருமுனைக் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உங்கள் முன்னால்தான் உட்காருகிறோம். அங்கே எங்கள் நோய்க்கு என்ன பெயர் வைக்கப்படுகிறதோ அதே பெயரோடுதான் அடுத்த மருத்துவரிடமும் அதற்கடுத்த மருத்துவரிடமும் போகிறோம்.

வாசலில் இருபது பேர் காத்திருக்கையில் ஒருவருக்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். வயிற்று உப்புசம், ஏப்பம், எரிச்சல் என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு அஞ்சத்தக்க நோய் எதுவும் இருக்காது என்பதும், அத்தனை பேரையும் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்வது அவர்கள் உடம்புக்கும் பணத்துக்கும் செய்யும் கெடுதல் என்பதும் தெரியும். நான் கேட்பது அதையல்ல. அந்தப் பெரும்பாலோரிலிருந்து மிச்சப் பேரைப் பிரித்தெடுக்கும் கேள்விகள் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. என்னிடம் அவை கேட்கப்படவில்லை என்பதுதான் என் முறையீடு.

இறுதியில் நோயைக் கண்டுபிடித்த மருத்துவர் எடுத்த எடுப்பில், “ராத்திரி நல்லாத் தூங்கிட்டிருக்கும்போது வயிறு எழுப்பி விடுதாம்மா?” என்றுதான் கேட்டார். ஆமாம், விடியற்காலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து ஓடுகிறேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். குடல் எரிச்சல் நோய் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஐ.பி.எஸ். பகலெல்லாம் ஆளை அலைக்கழித்தாலும் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிப்பறைக்கு அனுப்புவது அரிது என்றும், அப்படி எழுப்பினால் குடலில் அழற்சியோ வேறு கோளாறோ இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும் என்றும் அவர் சொன்னார். அதுவரை நான் பார்த்த கிளினிக்குகளில் என்னிடம் கேட்கப்பட்டது பெரும்பாலும் “வெளியில சாப்பிட்டீங்களா?” என்பதுதான். வெளியில் சாப்பிடும் தைரியம் எனக்குப் போய் நாளாகியிருந்தது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது என்பதற்காக மாம்பலத்திலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தேன்.

அடுத்தது எடை. உங்களில் பலருடைய அறையில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது. நான் வழக்கமாகப் போன கிளினிக்கில் அது மூலையில், மருந்துக் கம்பெனிக்காரர்கள் வைத்துவிட்டுப் போன சாம்பிள் அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு நின்றது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துத் தைத்துத் தையல்காரம்மாவே “ஏம்மா, உடம்பு எதாச்சும் பண்ணுதா?” என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் எடையைப் பார்த்துச் சீட்டின் ஓரத்தில் குறித்திருந்தால், அந்த எண்களை வரிசையாகப் படித்த எவருக்கும் இது வெறும் வாய்வு இல்லை என்று தெரிந்திருக்கும்.

இரத்தசோகையைப் பற்றி, குறிப்பாகப் பெண்களின் இரத்தசோகையைப் பற்றி, கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்த ஒரு பெண் உங்கள் முன் உட்கார்ந்தால் மாதவிடாய்தான் காரணம் என்று முடிவுகட்டி இரும்புச்சத்து மாத்திரை எழுதிவிடுகிறீர்கள். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வயிற்றுப்போக்கும் வலியும் கூடவே இருக்கும்போது, குடலிலிருந்து இரத்தம் கசிகிறதா, சத்து உடம்பில் சேராமல் போகிறதா என்று ஒரு தடவையாவது யோசிக்க வேண்டாமா? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும். அதன் பிறகு மலத்தில் இரத்தம் போனாலும் நோயாளியால் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பி12 வைட்டமினை உடம்புக்குள் இழுப்பதும் சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதிதான். எனக்கு அதுவும் குறைந்திருந்தது. ஊசி போட்டார்கள்; ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஆசனவாயைப் பற்றி எங்களால் வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். “மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்” என்ற விளம்பரங்கள் ரயில் பெட்டிகளிலும் பாலத்துச் சுவர்களிலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. கூச்சப்பட்டு உங்களிடம் மறைத்தவர்கள் அந்த எண்ணுக்குத்தான் போன் செய்கிறார்கள். ஆசனவாய்க்குப் பக்கத்தில் துளை விழுந்து சீழ் வடியும் பௌத்திரம் எல்லாமே குரோன்ஸ் அல்ல. ஆனால் ஆறாமல் திரும்பத் திரும்ப வரும் பௌத்திரமும் நாட்பட்ட வயிற்றுப்போக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால், அதைத் தனித்தனி நோய்களாகப் பார்த்து ஒன்றுக்குக் களிம்பும் இன்னொன்றுக்கு மாத்திரையும் எழுதுவது தவறு.

வீட்டு வைத்தியத்தைக் குறை சொல்லி இதைத் திசைதிருப்ப எனக்கு விருப்பமில்லை. ஓமத் தண்ணீர், பிரண்டைத் துவையல், சுக்குக் கஷாயம் எல்லாம் எனக்கும் கொடுத்தார்கள். குடலேற்றம் என்று சொல்லி ஓர் அம்மாவிடம் அழைத்துப்போய் வயிற்றை நீவிவிட்டார்கள். எங்கள் மாமியாரோ அந்த அம்மாவோ எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் அல்ல, அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள்.

மறுபடியும் மறுபடியும் எழுதிக்கொடுக்கப்பட்ட கேஸ் மாத்திரைக்கு வருகிறேன். பாண்டோபிரசோல் இரைப்பையின் அமிலத்தைக் குறைக்கும் நல்ல மருந்துதான். ஆனால் நோய் சிறுகுடலின் கோடியில் இருக்கும்போது இரைப்பையின் அமிலத்தைக் குறைத்து என்ன பயன்? நெடுநாள் வலிக்குப் பிறகு எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொன்னார்கள். வாய்வழியாகச் செல்லும் அந்தக் குழாய் உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றைத்தான் காட்டும். இரைப்பையில் லேசான அழற்சி என்று அறிக்கை வந்தது. நம்மூரில் யாருக்கு எடுத்தாலும் அநேகமாக அப்படித்தான் வரும் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஒரு வரி, “எல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை” என்ற பேச்சாக மாறி, மேற்கொண்டு எதையும் தேட விடாமல் செய்துவிட்டது. வலி இருந்ததோ வலப்பக்க அடிவயிற்றில்.

ஒருவரை நிபுணரிடம் அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்க இன்று எளிய பரிசோதனைகள் உண்டு. முழு இரத்த எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., இரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதம் ஆகியவற்றைத் தெருவோர லேப்பிலேயே பார்த்துவிடலாம். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை கொஞ்சம் செலவானது. இருந்தாலும் குடலில் அழற்சி இருக்கிறதா, அல்லது ஐ.பி.எஸ். போலக் குடல் இயக்கத்தின் கோளாறு மட்டும்தானா என்று பிரித்துப் பார்க்க அது பெரிதும் உதவும். தொற்று இருந்தாலும், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அது கூடிக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் சிக்கலான இடம் காசநோய். நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் 1932-இல் இந்த நோயை விவரித்து எழுதினார்கள். அவர்கள் சொன்ன அதே இடத்தை, அதாவது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் மூலையைத்தான், குடல் காசநோயும் விரும்பிப் பிடிக்கிறது. இரண்டிலும் புண், இரண்டிலும் குடல் சுருக்கம், இரண்டிலும் காய்ச்சலும் எடைக்குறைவும். திசுவை எடுத்துப் பரிசோதித்தாலும் கிருமி அகப்படாமல் போவது சகஜம். காசநோயைக் குரோன்ஸ் என்று நினைத்து, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டைக் கொடுத்துவிட்டால் அது உடம்பெல்லாம் பரவக்கூடும் என்பதால், சந்தேகம் தீராதபோது முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்ட முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து இரத்தம் என்று பயந்து கத்தினேன். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் கழித்து, ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியை மீண்டும் செய்து, குழாயைச் சிறுகுடலின் முனைக்குள்ளும் செலுத்திப் பார்த்து, புண்கள் கொஞ்சமும் ஆறவில்லை என்று கண்டபின் வழியை மாற்றினார்கள். அதுதான் முறை. நான் குறை சொல்வது வேறொன்றை: இந்த மறுபரிசோதனை இல்லாமலேயே ஆறு மாதமும், அதற்கு மேலும், காசநோய் மருந்தை நீட்டிக்கொண்டே போவதை. மருத்துவமனை வரிசையில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் அப்படி நீட்டப்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த மாதங்களிலும் அழற்சி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். குடல் சுருங்கி அடைத்துக்கொண்டால் பிறகு கத்திதான் வழி. காசநோய் மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிட்டுக் குணமாகலாம், சானடோரியத்தில் கிடக்க வேண்டியதில்லை என்று 1950-களின் இறுதியில் உலகத்துக்கு நிரூபித்தது இந்தச் சென்னைதான். அதை நிரூபித்த, 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் இன்றும் சேத்துப்பட்டில் இயங்குகிறது. காசநோயை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த ஊரில், காசநோய் அல்லாததைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருப்பது நியாயமாக இல்லை.

நோய் தெரிந்த பிறகும் உங்களைவிட்டு நாங்கள் போய்விடுவதில்லை. காய்ச்சல், முதுகுவலி, தொண்டைவலி என்று உங்களிடம்தான் வருகிறோம். குரோன்ஸ் நோயாளிக்கு வலிக்காக டைக்ளோஃபினாக் ஊசியைச் சட்டென்று போட்டுவிடாதீர்கள். அது குடலைக் கிளறிவிடக்கூடும். நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அசாதயோபிரின் மாத்திரை சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் என்றால் வைரல் என்று அனுப்பிவிடாமல் வெள்ளையணு எண்ணிக்கையைப் பாருங்கள். எங்கள் பை நிறைய மாத்திரைகளைப் பார்த்துவிட்டு “இவ்வளவு எதுக்கும்மா, கொஞ்சம் குறைச்சுக்கலாமே” என்று சொல்லும் அன்பான மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: குறைப்பதற்கு முன் அதை எழுதியவரிடம் பேசுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது தனி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பவர்கள், “மலத்தில் இரத்தம் போகிறதா, எடை குறைகிறதா” என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொண்டால் நல்லது.

உங்களிடம் நான் கேட்பது கடைசியாக ஒரு தாளைத்தான். சென்ட்ரல் எதிரிலுள்ள அரசு பொது மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ தனியார் நிபுணரிடமோ ஒருவரை அனுப்பும்போது, “வயிற்று வலி, பார்க்கவும்” என்று எழுதாதீர்கள். எத்தனை காலமாக வலிக்கிறது, எந்த இடத்தில், இரவில் எழுப்புகிறதா, எடை எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறைந்தது, ஹீமோகுளோபின் என்ன, குடும்பத்தில் யாருக்காவது காசநோயோ குடல்நோயோ உண்டா, இதுவரை என்னென்ன மருந்து எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். புறநோயாளிப் பிரிவில் மணிக்கணக்கில் நின்று உள்ளே போகும் நோயாளிக்குத் தன் கதையைச் சொல்லக் கிடைப்பது மிகக் குறைந்த நேரம். பயத்தில் பாதி மறந்தும் போகும். உங்கள் கையெழுத்துள்ள அந்தத் தாள் கையில் இருந்தால், எதிரே இருக்கும் மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வில்லிவாக்கத்திலிருந்து,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி